‘ஏலியன்’ படத்தை டிஸ்கில் வாங்கிப் பார்ப்பது எப்படி?

1979 மே மாதம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படம் ‘ஏலியன்’. இயக்குநர் ரிட்லி ஸ்காட்டுக்கு இது இரண்டாவது படம். நோஸ்ட்ரோமோ என்று ஒரு சரக்கு விண்கலம். அதில் ஏழு பேர், கூட ஒரு பூனை. பூமிக்குத் திரும்பும் வழியில் எங்கிருந்தோ ஒரு சமிக்ஞை வருகிறது. என்னவென்று பார்க்கக் கீழே இறங்குகிறார்கள். கதையை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் பார்க்காதவர்களுக்காக எழுதுவதால், கீழேயும் யார் பிழைத்தார், யார் செத்தார் என்ற பேச்சு வராது.

ஓடிடியில் பார்த்தால் போதாதா? கதை தெரிந்துகொள்ள அது போதும். ஆனால் இந்தப் படத்தின் பயம் முழுக்க இருட்டில்தான் இருக்கிறது. ஒளிப்பதிவாளர் டெரெக் வான்லிண்ட் கலத்தின் தாழ்வாரங்களைக் குறைந்த வெளிச்சத்திலும் புகையிலும் நீராவியிலும் எடுத்திருக்கிறார். பல காட்சிகளில் திரையில் பாதிக்கு மேல் கருப்பு, அல்லது கருப்புக்குச் சற்றே மேலே. இணையத்தில் அனுப்புவதற்காகப் படத்தைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது இந்தப் பகுதிதான். கருப்பு கட்டம் கட்டமாக உடையும், புகை பட்டை பட்டையாகத் தெரியும். 4கே (முழு எச்டியைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட படம்) ஸ்ட்ரீமிங் பொதுவாக நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் அளவில் ஓடுகிறது. 4கே டிஸ்க் 100 மெகாபிட்டைக்கூடத் தாண்டும். ஆகவே கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் நோக்கம் ஒன்றுதான்: ஸ்காட் வைத்த இருட்டு, கெடாமல் உங்கள் அறைக்கு வந்து சேர வேண்டும்.

முதல் படி: எந்தப் பெட்டி?

இந்தப் படத்தை ஸ்டுடியோ திரும்பத் திரும்ப விற்றிருக்கிறது. விஎச்எஸ் நாடா, லேசர்டிஸ்க், டிவிடி, புளூரே, 4கே என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பெட்டி உண்டு. பழைய சாமான் விற்கும் தளங்களில் இவையெல்லாம் கலந்துகட்டிக் கிடக்கும். எதைத் தொடலாம், எதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

விஎச்எஸ் வேண்டாம். நினைவுப் பொருளாக அலமாரியில் வைக்கலாம், அவ்வளவுதான். படம் எடுக்கப்பட்டது 2.39:1 என்ற அகன்ற விகிதத்தில். அந்தக் காலத்து டிவி 1.33:1. திரை நிறைய வேண்டும் என்பதற்காக இரு பக்கமும் வெட்டினார்கள். கணக்குப் போட்டால் படத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும். ஓரத்தில் ஏதாவது நிற்கிறதோ என்று கண்ணை அலைய விடுவதே வேலையாக இருக்கும் படத்தில் ஓரத்தையே வெட்டினால் மிச்சம் என்ன?

டிவிடியில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. 1999இல் இருபதாம் ஆண்டுக்காக வந்தது ஒன்று. 2003 டிசம்பரில், அதுவரை வந்த இந்தத் தொடரின் நான்கு படங்களையும் சேர்த்து ஒன்பது டிஸ்க்குகளாக வந்த ‘ஏலியன் குவாட்ரிலஜி’ இன்னொன்று. இரண்டாவது பெட்டி, டிவிடி காலத்தில் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று மற்ற நிறுவனங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட பெட்டி. படம் பார்க்க இன்று அது பத்தாது. இணைப்புகளுக்காக (படத்தோடு வரும் ஆவணப்படம், உரைத்தடம் போன்றவை) மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: பால் (PAL) என்ற டிவி முறைக்காக, இந்தியா, ஐரோப்பா போன்ற இடங்களுக்கு வந்த டிவிடியில் நொடிக்கு 24 சட்டங்களுக்குப் பதில் 25 ஓடும். 117 நிமிடப் படம் 112 நிமிடத்தில் முடியும், குரலும் கொஞ்சம் மேலேறும். நிறையப் பேர் இதைப் பார்த்துவிட்டு ‘ஐந்து நிமிடம் வெட்டிவிட்டார்கள்’ என்று புலம்புவதுண்டு. வெட்டவில்லை, வேகமாக ஓடுகிறது.

உண்மையான போட்டி இரண்டு பெட்டிகளுக்கு இடையில்தான்.

2010இல் வந்த ‘ஏலியன் ஆன்தாலஜி’ புளூரே பெட்டி, ஆறு டிஸ்க்குகள். நான்கு படங்களுக்கு நான்கு, இணைப்புகளுக்கு இரண்டு. படத்தின் தரம் இன்றும் நன்றாக இருக்கிறது. இணைப்புகளில் இதை எதுவும் தாண்டவில்லை.

2019 ஏப்ரலில் நாற்பதாம் ஆண்டுக்காக வந்த 4கே பெட்டி. மூல 35 மி.மீ. நெகட்டிவிலிருந்து புதிதாக 4கேயில் எடுத்து, ஸ்காட்டின் ஒப்புதலோடு வெளியிட்டது. இன்றுவரை இந்தப் படம் வீட்டில் இவ்வளவு நன்றாகத் தெரிந்ததில்லை என்பது என் கருத்து. உள்ளே ஒரு 4கே டிஸ்க்கும் ஒரு புளூரே டிஸ்க்கும் இருக்கும். படத்தின் ஸ்டுடியோவான ஃபாக்ஸ் நிறுவனத்தை டிஸ்னி வாங்கி முடித்தது அதே ஆண்டு மார்ச்சில். அதற்கு அடுத்த மாதமே இது கடைக்கு வந்தது.

உங்கள் டிவி நல்ல எச்டிஆர் டிவி (வெளிச்சத்துக்கும் கருப்புக்கும் இடையே அதிக வீச்சைக் காட்டுவது) என்றால் 2019 பெட்டி. மற்றவர்களுக்கு 2010 பெட்டி. ‘எல்லா டிவியிலும்தான் எச்டிஆர் என்று போட்டிருக்கிறதே’ என்பீர்கள். போட்டிருக்கும்தான். மலிவான எல்இடி டிவிகளில் வெளிச்சம் 250, 300 நிட்ஸோடு (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) நின்றுவிடும். அதில் எச்டிஆர் டிஸ்க்கைப் போட்டால் படம் சாதாரண புளூரேயைவிட மங்கலாகத் தெரியவும் வாய்ப்பிருக்கிறது. ஏற்கெனவே இருட்டான படம். அதற்கு மேல் மங்கினால் பயம் வராது, தூக்கம்தான் வரும். ஓஎல்இடி டிவி, அல்லது லோக்கல் டிம்மிங் (திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்க வைக்கும் வசதி) உள்ள டிவி இருந்தால் தயங்காமல் 4கேக்குப் போகலாம்.

ரீஜன் கோட்: காசு போகும் இடம்

தமிழ் வாசகர்கள் உலகம் முழுக்க இருப்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரீஜன் கோட் என்பது, ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் அந்தப் பகுதியின் பிளேயரில் மட்டும் ஓடும்படி போடும் பூட்டு. புளூரே டிஸ்க்குகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று ரீஜன்கள். இந்தியாவும் இலங்கையும் சி. சிங்கப்பூர், மலேசியா, கனடா, அமெரிக்கா எல்லாம் ஏ. பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா பி. டிவிடிக்கு வேறு கணக்கு: இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, அமெரிக்காவும் கனடாவும் 1, பிரிட்டன் 2, ஆஸ்திரேலியா 4.

சென்னையில் வாங்கிய பிளேயரில், டொராண்டோவிலிருந்து மாமா அனுப்பிய புளூரே ஓடாமல் போகலாம். பிளேயர் பழுதில்லை, டிஸ்க்கும் பழுதில்லை, பூட்டு அப்படி. எல்லா டிஸ்க்கும் பூட்டியிருக்காது என்பதால், வாங்குமுன் அட்டையின் பின்பக்கப் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கி, அறுகோணத்துக்குள் எந்த எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். மூன்று எழுத்தும் இருந்தால் எங்கும் ஓடும்.

4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லையே இல்லை. அந்த வடிவத்தில் ரீஜன் பூட்டு வைக்கவில்லை. அமெரிக்காவில் வாங்கியது மதுரையிலும் ஓடும், யாழ்ப்பாணத்திலும் ஓடும். கூடவே வரும் புளூரே டிஸ்க்குக்கு மட்டும் அந்த உத்தரவாதம் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் ‘டிஜிட்டல் கோட்’ சீட்டையும் நம்ப வேண்டாம். விற்ற நாட்டுக்கு வெளியே பெரும்பாலும் செல்லாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு தபால் செலவும் சுங்க வரியும் சேரும். ஊருக்கு வரும் உறவினரிடம் சொல்லிவைப்பது நம்மவர்களின் பழைய வழி. டிஸ்க்குக்கு அது நன்றாகவே பொருந்தும், எடையே இல்லை. பயன்படுத்திய டிஸ்க் வாங்குகிறீர்கள் என்றால் அடிப்பக்கத்தின் புகைப்படத்தைக் கேளுங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் கீறலைவிட வட்டமாகச் சுற்றும் கீறல் மோசம்.

பிளேயர்

தனி 4கே பிளேயர் விற்பவர்கள் இன்று சிலரே. ஓப்போ 2018இல் விலகியது, சாம்சங் 2019இல், எல்ஜி 2024 கடைசியில். மிஞ்சியவர்களில் முக்கியமானவர்கள் சோனியும் பானாசோனிக்கும். சோனி எக்ஸ்700 வரிசை கையைக் கடிக்காத தேர்வு. பானாசோனிக் யுபி820 விலை கூடுதல். ஆனால் எச்டிஆர் படத்தை உங்கள் டிவியின் வெளிச்சத்துக்கு ஏற்ப அடக்கித் தரும் வசதி அதில் உண்டு. வெளிச்சம் குறைந்த டிவி வைத்திருப்பவர்களுக்கு அது நிஜமாகவே உதவும்.

வீட்டில் டிஸ்க் போடும் வகைப் பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இருந்தால் வேறு பிளேயர் தேவையில்லை. இரண்டும் 4கே டிஸ்க்கை ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 ஓட்டாது, ப்ரோவும் ஓட்டாது. அதில் புளூரே வரைதான். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் வாயே இல்லை. பிளேஸ்டேஷன் 5இல் டிஸ்க்குக்கு டால்பி விஷன் (எச்டிஆரில் ஒரு வகை) கிடையாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். ‘ஏலியன்’ டிஸ்க்கில் இருப்பது எச்டிஆர்10, எச்டிஆர்10+ இரண்டும்தான், டால்பி விஷன் இல்லை. அதனால் உங்களுக்கு நட்டமில்லை.

கணினியில் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: 4கே டிஸ்க்கை முறைப்படி ஓட்ட இன்டெல் செயலியில் எஸ்ஜிஎக்ஸ் என்ற வசதி வேண்டும். இன்டெல் அதை 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளிலிருந்தே எடுத்துவிட்டது. அந்த வழியில் போகாதீர்கள்.

கம்பியும் டிவி உள்ளீடும்

பெட்டி வந்தது, பிளேயர் வந்தது. இனி அவசரப்பட்டுப் படத்தைப் போட வேண்டாம்.

‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்று சான்று பெற்ற எச்டிஎம்ஐ கம்பி போதும். தங்கமுலாம் பூசியது, ஆயிரக்கணக்கில் விலை வைத்தது எதுவும் வேண்டாம். கம்பியைச் செருகிய பிறகு டிவியில் ஒரு காரியம் செய்ய வேண்டும், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். அந்த எச்டிஎம்ஐ துளை முழு 4கே எச்டிஆர் சமிக்ஞையை வாங்கிக்கொள்ள அனுமதிக்கும் அமைப்பு ஒன்று இருக்கும். சில டிவிகளில் அது அணைந்தே வரும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’, சோனியில் ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’ என்று பெயர். அதைப் போட்டுவிடுங்கள். எச்டிஆர் படம் தொடங்கியதும் திரை மூலையில் எச்டிஆர் என்று ஒரு சிறு அறிவிப்பு வந்து மறைய வேண்டும். வரவில்லை என்றால் இந்த அமைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பிளேயரின் அமைப்பில் 24பி வெளியீடு (நொடிக்கு 24 சட்டங்களாகவே அனுப்புவது) ‘ஆட்டோ’ அல்லது ‘ஆன்’. இது இல்லையென்றால் கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் லேசாகத் தத்தித் தத்திப் போகும்.

டிவியை அடக்குவது

இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி. கடையில் நாற்பது டிவிகளுக்கு நடுவே பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு டிவியிலும் என்னென்னவோ வேலைகள் போட்டு அனுப்புகிறார்கள். கிரிக்கெட்டுக்கு அதில் சில உதவலாம். ‘ஏலியன்’ படத்துக்கு ஒன்றுகூட ஆகாது.

ரிமோட்டை எடுத்துப் படப் பயன்முறைக்குப் போங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 2019இல் டிவி நிறுவனங்களும் ஸ்டுடியோக்களும் சேர்ந்த யூஎச்டி அலையன்ஸ் கொண்டுவந்தது, டிவியின் தேவையற்ற வேலைகளை ஒரே அழுத்தலில் நிறுத்திவிடும். இல்லையென்றால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’. ‘விவிட்’, ‘டைனமிக்’ பக்கமே போக வேண்டாம். நிற வெப்பம் ‘வார்ம்’. முதலில் எல்லாம் மஞ்சளாகத் தெரிவதுபோல் இருக்கும், கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும்.

அடுத்து, அசைவை மிருதுவாக்கும் வசதி. சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’. அணையுங்கள். 24 சட்டங்களுக்கு இடையே டிவி தானாகக் கற்பனை செய்து சட்டங்களைச் செருகும் வேலை அது. அதைப் போட்டுப் பார்த்தால் நோஸ்ட்ரோமோ விண்கலம் மதியச் சீரியலின் செட் மாதிரி ஆகிவிடும். நாற்பது வருடம் தாண்டிய படத்துக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ எந்தப் பெயரில் இருந்தாலும் அணையுங்கள். ‘ஷார்ப்னெஸ்’ பூஜ்யம் அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் வைத்திருக்கும் அளவு. காரணம்: படம் ஃபிலிமில் எடுத்தது. இருட்டான காட்சிகளில் திரை முழுக்க மெல்லிய மணல் ஓடுவதுபோல் ஒரு துகள் அசைவு இருக்கும். புதிதாக 4கே வாங்கியவர்கள் இதைப் பார்த்து டிஸ்க்கே மோசம் என்று முடிவு கட்டுகிறார்கள். அது அழுக்கல்ல, படமே அந்தத் துகள்களால் ஆனது. அதை வழித்தெடுத்தால் கூடவே முகத்தின் சுருக்கமும் உலோகத்தின் துருவும் போய்விடும். அடுத்த பாகமான ‘ஏலியன்ஸ்’ 2024இல் 4கே டிஸ்க்காக வந்தபோது துகளை அதிகமாகத் துடைத்துவிட்டார்கள் என்று பெரிய சண்டையே நடந்தது. முதல் படத்துக்கு அந்தக் கதி நேரவில்லை.

மின்சாரச் சேமிப்பு, அறை வெளிச்சத்தைப் பார்த்துத் திரையைக் கூட்டிக் குறைக்கும் சென்சார், ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’, மூன்றையும் அணையுங்கள். பட அளவு ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஃபுல் பிக்சல்’ என்று இருக்கட்டும். மேலும் கீழும் கருப்புப் பட்டை வரும், அப்படித்தான் வர வேண்டும். ‘ஜூம்’ போட்டு நிரப்பினால் விஎச்எஸ் காலத்துக்கே திரும்பிவிடுவோம்.

அப்புறம் அறை. விளக்கை அணைத்துத் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். இரவில் பார்ப்பது சுலபம். பயத்துக்காகச் சொல்லவில்லை, ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் எச்டிஆரும் கிடையாது, கருப்பும் கிடையாது.

ஒலி

படத்தின் ஒலியில் பாதி, கலத்தின் ரீங்காரம். இயந்திரம், காற்று, எங்கோ சொட்டும் நீர். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் இது கேட்கவே கேட்காது. ஒரு சாதாரண சவுண்ட்பார், அதோடு தனியாக ஒரு சப்வூஃபர் இருந்தாலே பெரிய வித்தியாசம். அதுவும் இல்லையா? நல்ல ஹெட்ஃபோன்.

டிஸ்க்கில் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருக்கான) டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இருக்கிறது. புளூரேயில் திரையரங்கு வெளியீட்டின் பழைய ஒலித்தடங்களையும் வைத்திருக்கிறார்கள். முதல் தடவைக்கு 5.1 எடுத்துக்கொள்ளுங்கள். பிளேயரில் ஒலி வெளியீட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று வையுங்கள். பேச்சு மெதுவாகவும் அலறல் சத்தமாகவும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார் என்றால் ‘நைட் மோட்’ போடலாம், தப்பில்லை. ஆனால் ரீங்காரமும் அலறலும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

தமிழ் சப்டைட்டிலை எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கலத்தில் இருப்பவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆட்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசுவார், வாய்க்குள் முனகுவார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் அந்தப் பகுதியில் பாதி நழுவும்.

தொடங்கும்போது ஒரு கேள்வி

மெனுவில் இரண்டு பதிப்புகள் இருக்கும்: 1979 திரையரங்கு வடிவம், 2003 ‘டைரக்டர்ஸ் கட்’. இயக்குநருடையது என்றால் அதுதானே அசல் என்று தோன்றும். இங்கே அப்படி இல்லை. ஃபாக்ஸ் ஒரு புதிய வடிவம் கேட்டது. நீக்கிய காட்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஸ்காட்டுக்குப் படம் இழுக்கிறது என்று பட்டது. பிறகு சிலவற்றை மட்டும் சேர்த்து, பழையதில் அங்கங்கே கத்தரித்து, முடிவில் மூலத்தைவிடச் சுமார் ஒரு நிமிடம் குறைவான படத்தைக் கொடுத்தார். தான் திருப்தியோடு நிற்பது 1979 வடிவத்தில்தான் என்று அவரே எழுதியும் விட்டார். ‘டைரக்டர்ஸ் கட்’ என்ற பெயர் விற்பனைக்காக வந்தது.

ஆகவே முதல் தடவை 1979. 2003 வடிவத்தில் கடைசிப் பகுதியில் சேர்த்த ஒரு காட்சி, ஓட்டமாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் படத்தை நிறுத்தி வைக்கிறது. காட்சி தன்னளவில் கொடூரமாக, நன்றாகவே இருக்கிறது. இடம்தான் தப்பு. இரண்டாவது முறை பார்க்கும்போது அதைப் பாருங்கள்.

மெனு திரையில் அதிக நேரம் நிற்காதீர்கள். பெட்டியின் பின்பக்கப் படங்களையும் பார்க்க வேண்டாம்.

முதல் பத்து நிமிடத்தில் ஒரு சோதனை

அமைப்புகள் சரியா என்று பார்க்கத் தனிச் சோதனை டிஸ்க் எதுவும் தேவையில்லை. படத்தின் தொடக்கமே அதற்குப் போதும். கோள் ஒன்றைக் கேமரா மெதுவாகக் கடக்கும்போது, திரையின் மேல்பகுதியில் சிறு கோடுகள் ஒவ்வொன்றாக முளைத்துத் தலைப்பு எழுத்துகளாகச் சேரும். கோடுகளைச் சுற்றி இருக்கும் விண்வெளி சாம்பலாகத் தெரிந்தால் ‘பிளாக் லெவல்’ அமைப்பு பிளேயரிலும் டிவியிலும் வேறு வேறாக இருக்கிறது என்று அர்த்தம். நட்சத்திரங்களே காணவில்லை என்றால் எதிர்ப்பக்கம் போய்விட்டது. கேமரா நகர்கையில் தத்தல் தெரிந்தால் 24பி அமைப்பைப் பாருங்கள்.

கொஞ்ச நேரத்தில் ஆளில்லாத கலத்துக்குள் போவோம். தாழ்வாரம், மேசையில் தலையாட்டும் பொம்மைப் பறவைகள், பிறகு இருட்டான கட்டுப்பாட்டு அறை. அங்கே ஒரு கணினி தானாக விழித்துக்கொள்ளும். எதிரே இருக்கும் காலியான தலைக்கவசத்தின் கண்ணாடியில் அதன் எழுத்துகள் ஓடும். அந்தப் பிரதிபலிப்பைப் படிக்கிற அளவுக்குத் தெளிவாகவும், கவசத்தைச் சுற்றிய பகுதி கருப்பாகவும், ஆனால் நாற்காலியின் விளிம்பு தெரிகிற மாதிரியும் இருந்தால் உங்கள் டிவி தயார். அடுத்த காட்சி வெள்ளை அறை, தூங்குபவர்கள் விழிக்கும் இடம். அங்கே வெள்ளைத் துணியின் மடிப்புகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே வெள்ளைப் பூச்சாக இருந்தால் ‘கான்ட்ராஸ்ட்’ அதிகம். திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுங்கள்.

நடுவில் ஒரு காட்சி வரும்: ஒருவர் பூனையைத் தேடிக்கொண்டு, மேலிருந்து சங்கிலிகள் தொங்கும் உயரமான அறைக்குள் போவார். நீர் சொட்டிக்கொண்டிருக்கும். தொப்பியைக் கழற்றி முகத்தை அந்த நீரில் காட்டுவார். டிவிடியில் இந்த அறை வெறும் பழுப்புக் குழம்பு. 4கேயில் ஒவ்வொரு சங்கிலியும் தனித்தனியாகத் தொங்குகிறது, ஈரத்தில் மின்னுகிறது, அவற்றுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று கண் தானாகத் தேட ஆரம்பித்துவிடும். இவ்வளவு செலவும் இந்த ஒரு அறைக்காகவே தகும்.

பார்க்கும்போது

முதல் அரை மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்காது. போனஸ் பணத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள், காபி குடிப்பார்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். இங்கே பொறுமையாக இருந்தவர்களுக்குத்தான் பின்பாதி முழுசாகப் பிடிபடும்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். கடைசிப் பகுதியில் விளக்குகள் வேகமாக விட்டுவிட்டு மின்னுவது நீண்ட நேரம் தொடரும். எச்டிஆரில் அது இன்னும் கடுமை. குழந்தைகளைத் தூங்க வைத்த பிறகு போடுங்கள். அமெரிக்காவில் இது ‘ஆர்’ சான்றிதழ் படம், அதில் நியாயம் இருக்கிறது.

டிஸ்க் நடுவில் உறைந்து நின்றால் பதற வேண்டாம். 4கே டிஸ்க்குகளில் தகவல் மிக நெருக்கமாக அடைந்திருப்பதால் ஒரு விரல் ரேகைகூட வழியை மறிக்கும். கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். பிளேயரை முழுதாக அணைத்துப் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். அதே இடத்தில் மறுபடி நின்றால் கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள். இதற்காகவே, வாங்கிய வாரத்திலேயே முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பார்த்து முடித்த பிறகு

இணைப்புகளை எந்த வரிசையில் பார்ப்பது? நான் சொல்வது: முதலில் 2003இல் பதிவு செய்த உரைத்தடம். ஸ்காட், நடிகை சிகோர்னி வீவர், படத்தொகுப்பாளர் டெர்ரி ராலிங்ஸ், நடிகர்கள் பலர், படம் ஓட ஓட அதைப் பற்றிப் பேசுவது. ஸ்காட் தனியாகப் பேசும் 1999 தடமும் இருக்கிறது. அது படமெடுப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு.

அடுத்தது, யாரும் தொடாமல் விட்டுவிடும் ஒன்று: பேச்சும் சத்தமும் இல்லாமல் இசை மட்டும் ஓடும் தடங்கள். இரண்டு இருக்கின்றன. ஜெர்ரி கோல்ட்ஸ்மித் முதலில் எழுதிக் கொடுத்த இசை ஒன்று, படத்தில் கடைசியாக இடம்பெற்றது இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல. தொடக்கத்துக்கு அவர் எழுதியது விண்வெளியின் அழகைப் பாடும் இசை. ஸ்காட்டுக்கு அது வேண்டியிருக்கவில்லை, வேறு எழுத வேண்டியதாயிற்று. படத்தொகுப்பில் சில இடங்களில் கோல்ட்ஸ்மித்தின் 1962ஆம் ஆண்டுப் பழைய படம் ஒன்றின் இசையைச் செருகினார்கள். படத்தின் கடைசியில் அவருடைய இசையை எடுத்துவிட்டு ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்பொனியை வைத்தார்கள். கோல்ட்ஸ்மித்துக்கு இதில் வருத்தம் இருந்தது. தலைப்பு வரும் முதல் இரண்டு நிமிடங்களை ஒரு தடத்தில் பார்த்துவிட்டு, மற்றதில் மறுபடி பாருங்கள். கோள் அதே, எழுத்துகளும் அதே. ஒன்றில் பயணம் போகிறோம், மற்றதில் எதற்குள்ளோ இறங்குகிறோம். ராஜாவின் பின்னணி இசையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நம் ஆட்களுக்கு இந்த ஒரு வசதி போதும், ஒரு மாலைப்பொழுது ஓடிவிடும்.

பிறகு ‘தி பீஸ்ட் விதின்’ என்ற ஆவணப்படம், சார்ல்ஸ் டி லாசரிகா எடுத்தது, ஏறக்குறைய மூன்று மணி நேரம். முட்டைகள் இருக்கும் அறையில் மிதக்கும் நீலப் படலம், பக்கத்துக் கூடத்தில் மேடை நிகழ்ச்சிக்காக லேசர் விளக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்த ‘தி ஹூ’ ராக் குழுவினரிடம் இரவல் வாங்கியது என்பது போன்ற கதைகள் இந்தப் படத்தைச் சுற்றி நிறைய. கலம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்காட் தன் பிள்ளைகளுக்கே சின்ன விண்வெளி உடை தைத்துப் போட்டு, தூரக் காட்சிகளில் நடக்க விட்டார். அதைத் தெரிந்துகொண்டு 4கேயில் அந்தக் காட்சியைத் திரும்பிப் பார்த்தால் நடையில் ஒரு குழந்தைத்தனம் தெரிகிற மாதிரி இருக்கும்.

ஒரு சிக்கல்: இந்த நீண்ட ஆவணப்படம் 2019 4கே பெட்டியில் இல்லை. 2010 ‘ஆன்தாலஜி’யின் ஐந்தாவது டிஸ்க்கில் இருக்கிறது. அதனால் 4கே வாங்கியவர்களும் பழைய ‘ஆன்தாலஜி’ கையில் இருந்தால் விற்றுவிடாதீர்கள். இல்லாதவர்கள் பயன்படுத்திய பெட்டியாகத் தேடுங்கள். வாங்கும்போது ஆறு டிஸ்க்கும் உள்ளே இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். படங்களின் டிஸ்க்குகளை மட்டும் வைத்து, இணைப்பு டிஸ்க் இரண்டும் இல்லாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள்.